ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கிய பின் தொடை வலிக்கிறது – ஏன்?

பள்ளிச் சுற்றுலா என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் உதகமண்டலம். அங்கே போய் வந்த மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்வார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் முதலாவதாக ஓடி வரும் மாணவன்கூட அங்கே ஒரு மேட்டில் வேகமாக ஏறியதும் மூச்சு வாங்க நின்றுவிட்டான் என்பது ஒன்று. ஊர் திரும்பி இரண்டு நாள் ஆனபின் தரையில் உட்காரவும் எழுந்திருக்கவும் முடியாமல் தொடைகள் வலித்தன என்பது மற்றொன்று.

மலை நம்மிடம் இரண்டு கணக்குகளைத் தீர்த்துக்கொள்கிறது. ஏற்றத்தின் கணக்கை அந்த இடத்திலேயே மூச்சாக வாங்கிக்கொள்கிறது. இறக்கத்தின் கணக்கை இரண்டு நாள் கழித்து, வட்டியோடு வலியாக வாங்குகிறது. இவை இரண்டும் எப்படி எழுதப்படுகின்றன என்று தெரிந்துகொண்டால், மலைநகருக்குப் போகும்போது வண்டிக்குள்ளேயே முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. நன்றாக நடக்கலாம், உடற்பயிற்சியும் செய்யலாம். தெரிந்துகொள்ளாவிட்டால், நடக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் தேவையில்லாமல் துன்பப்படுவார். அவரைச் சோம்பேறி என்று மற்றவர்கள் கேலி செய்வதும் நடக்கும். ஆகவே இந்தக் கணக்கைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சமதளமும் ஏற்றமும்

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அருகிலுள்ள தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2637 மீட்டர். நகரிலிருந்து சிகரத்துக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 10 கிலோமீட்டர். 1848-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா இந்தத் தொட்டபெட்டாவின் அடிச்சரிவில்தான் அமைந்துள்ளது. ஏரியை ஒட்டிய பகுதி ஓரளவு சமமானது. மற்றபடி எந்தத் தெருவில் திரும்பினாலும் மேடு அல்லது பள்ளம்தான்.

சமதளத்தில் நடக்கும்போது நம் உடல் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நகர்கிறது. ஒவ்வோர் அடியிலும் உடல் சிறிது மேலெழுந்து, சிறிது தாழ்ந்து, ஊசல்போல் ஆடிச் செல்கிறது. மேலெழும்போது பெற்ற நிலை ஆற்றலில் ஒரு பகுதி, தாழும்போது இயக்க ஆற்றலாகத் திரும்பக் கிடைத்துவிடுகிறது. இதனால் சமதள நடை மிகச் சிக்கனமானது. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவர் ஒரு கிலோமீட்டர் நடக்கச் சுமார் 30 கிலோ கலோரி போதும்.

அதே மாணவர் இப்போது ஒரு சரிவுச் சாலையில் ஏறுகிறார் என்று கொள்வோம். பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயரும் சாலை அது. ஒரு கிலோமீட்டர் நடந்து முடிக்கும்போது அவர் 100 மீட்டர் உயர்ந்திருப்பார். ஈர்ப்பு விசைக்கு எதிராக அவர் செய்த வேலை எவ்வளவு? வகுப்பில் படித்த சூத்திரமே போதும்.

வேலை = நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் = 50 × 9.8 × 100 = 49,000 ஜூல்.

இது ஏறக்குறைய 12 கிலோ கலோரி. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றலாம். ஆனால் நம் தசைகள் முழுப் பயனுறுதிறன் உள்ள எந்திரங்கள் அல்ல. உணவிலிருந்து பெறும் ஆற்றலில் சுமார் கால் பங்கைத்தான் அவை வேலையாக மாற்றுகின்றன. மீதி முக்கால் பங்கு வெப்பமாகிவிடுகிறது. ஆகவே 12 கிலோ கலோரி வேலைக்கு உடல் செலவிடுவது ஏறத்தாழ 47 கிலோ கலோரி. ஒரு நடுத்தர இட்லியிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அது. சமதள நடைக்கு ஆகும் 30 கிலோ கலோரியையும் சேர்த்தால், அதே ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை மடங்கு செலவு ஆகிறது.

நகரிலிருந்து தொட்டபெட்டாவரை ஏறும் உயரம் சுமார் 400 மீட்டர். ஆகவே உயர்வதற்கு மட்டும் நான்கு இட்லி! முதுகில் 5 கிலோகிராம் பை இருந்தால் உயர்த்த வேண்டிய நிறை 50-லிருந்து 55 ஆகிறது. செலவும் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. மலைநகரில் பையைத் தேவைக்கு மேல் நிரப்பாதீர்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

வேலை ஒன்றே, திறன் வேறு

இட்லிக் கணக்கு மூச்சு வாங்குவதை விளக்கிவிடவில்லை. நான்கு இட்லி ஆற்றல் யாரிடமும் உண்டு. அப்படியிருக்க மேட்டில் நின்றுவிடுவது ஏன்? இங்கேதான் ‘திறன்’ என்ற இயற்பியல் கருத்து உதவிக்கு வருகிறது. திறன் என்பது வேலை நடைபெறும் வீதம்.

மேலே சொன்ன 49,000 ஜூல் வேலையை 10 நிமிடத்தில் முடித்தால் திறன் 49,000 ÷ 600, அதாவது சுமார் 82 வாட். இதற்காக உடல் ஆற்றலைச் செலவிடும் வீதம் அதைப் போல் நான்கு மடங்கு, ஏறத்தாழ 330 வாட். 20 நிமிடம் எடுத்துக்கொண்டால் இவை இரண்டுமே பாதியாகின்றன. ஏறிய உயரம் ஒன்றுதான். செய்த வேலையும் ஒன்றுதான். மெதுவாக ஏறியவர் குறைவாக வேலை செய்துவிடவில்லை.

இந்த 330 வாட்டுக்கு எரிபொருள் உடலிலேயே இருக்கிறது. அதை எரிக்கும் ஆக்சிஜன்தான் நொடிக்கு நொடி காற்றிலிருந்து வர வேண்டும். அது வரும் வீதத்துக்கு ஒரு வரம்பு உண்டு. நுரையீரல் இழுக்கும் காற்று, இதயம் இறைக்கும் இரத்தம், இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த வரம்பை முடிவு செய்கின்றன. தேவை வரம்பை நெருங்கும்போது மூச்சு வாங்குகிறது. தேவை வரம்பைத் தாண்டினால் தசைகள் ஆக்சிஜன் இல்லாத குறுக்கு வழியில் ஆற்றலைப் பெறுகின்றன. அந்த வழியில் நீண்ட நேரம் போக முடியாது. சில நிமிடங்களில் நின்றே ஆக வேண்டும்.

ஆகவே ஏற்றத்தில் நம் கையிலுள்ள ஒரே கட்டுப்பாடு வேகம்தான். உயரத்தை நாம் குறைக்க முடியாது, உடல் நிறையையும் குறைக்க முடியாது, நேரத்தைக் கூட்டலாம். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியங்களில் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

கொண்டை ஊசி வளைவும் பல் சக்கரமும்

நேரத்தைக் கூட்டும் இந்த உத்தியை மலைச்சாலை போட்டவர்களும் அறிந்திருந்தார்கள். மேலே இருக்கும் ஓர் இடத்துக்கு நேராகச் சாலை போட்டால் தூரம் குறையும், சரிவு மிகும். வளைத்து வளைத்துப் போட்டால் தூரம் கூடும், சரிவு குறையும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆடு மாடுகள் மேய்ந்து திரும்பும் ஒற்றையடிப் பாதைகளையும் கவனியுங்கள். அவையும் குன்றில் நேராக ஏறாமல் குறுக்கும் நெடுக்குமாகவே செல்லும். அகலமான படிக்கட்டில் நீங்கள் களைத்திருக்கும்போது படியைக் குறுக்காகக் கடந்து ஏறினால் சற்று எளிதாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

நீலகிரி மலை இரயில் இதற்கு வேறொரு சான்று. மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 46 கிலோமீட்டர் பயணம் செய்து உதகை நிலையத்தை அடைகிறது இரயில். குன்னூர் வரையிலான பாதை 1899-லும், உதகை வரையிலான பாதை 1908-லும் திறக்கப்பட்டன. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சில இடங்களில் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவு உண்டு. வழவழப்பான எஃகுத் தண்டவாளத்தில் வழவழப்பான எஃகுச் சக்கரம் இந்தச் சரிவில் நம்பகமாக ஏற முடியாது. உராய்வு போதாமல் வழுக்கும். எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட சட்டம் ஒன்று பதித்து, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து ஏறுமாறு செய்திருக்கிறார்கள்.

நம் காலணிக்குப் பல் சக்கரம் இல்லை. உராய்வு மட்டுமே துணை. உலர்ந்த சாலையில் ரப்பர் அடிப்பாகத்தின் உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 31 பாகைச் சரிவுவரை கால் வழுக்காது. பாசி படிந்த ஈரக் கல்லின்மீது அந்தக் குணகம் 0.2-ஆகக் குறைந்துவிட்டால் 11 பாகையிலேயே வழுக்கத் தொடங்கும். உதிர்ந்த ஊசியிலைகளின்மீது நடக்கும்போதும் கவனம் தேவை. அடிப்பாகம் தேய்ந்த செருப்பு மலைக்கு ஆகாது.

உதகையும் மெக்சிகோவும்

சரிவு மட்டும்தானா காரணம்? இல்லை. உதகையில் சமதளத்தில் ஓடினாலும் சற்று முன்னதாகவே களைப்பு வருகிறது. அதற்குக் காரணம் காற்று.

மலைமேல் ஆக்சிஜன் விழுக்காடு குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். இது சரியல்ல. சென்னையிலும் உதகையிலும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். மாறுவது காற்றின் அழுத்தம். நமக்கு மேலே இருக்கும் காற்றுத் தூணின் எடைதான் வளிமண்டல அழுத்தம். 2240 மீட்டர் ஏறிவிட்டால் அந்தத் தூணில் கீழ்ப்பகுதி, அதாவது மிக அடர்த்தியான பகுதி, நம் காலுக்குக் கீழே போய்விடுகிறது. உதகையில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். எனவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு.

இதன் விளைவை உலகமே பார்த்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1968-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் மெக்சிகோ நகரில் நடந்தன. அந்நகரின் உயரமும் சுமார் 2240 மீட்டர்தான், நம் உதகையைப் போலவே! அங்கே அமெரிக்க வீரர் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டி, அதுவரை இருந்த உலகச் சாதனையை 55 சென்டிமீட்டரால் விஞ்சினார். 100 மீட்டர் ஓட்டத்தை ஜிம் ஹைன்ஸ் 9.95 வினாடியில் முடித்தார். காற்று அடர்த்தி குறைந்ததால் அதன் தடையும் குறைந்தது இவர்களுக்கு ஓரளவு உதவியது. சில வினாடிகளில் முடியும் முயற்சிக்கு வெளியிலிருந்து வரும் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுவதில்லை.

நீண்ட ஓட்டங்களிலோ கதை தலைகீழானது. 10,000 மீட்டர் ஓட்டத்தில் கென்யாவின் நஃப்தாலி டெமு 29 நிமிடம் 27.4 வினாடியில் வென்றார். அப்போதைய உலகச் சாதனை 27 நிமிடம் 39.4 வினாடி. வென்றவருக்கே ஏறக்குறைய ஒன்றே முக்கால் நிமிடம் கூடுதல்! அந்த உலகச் சாதனைக்கு உரியவரான ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க் இதே ஓட்டத்தில் ஆறாவதாக வந்து, முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மயங்கிச் சரிந்தார். மாரத்தான் ஓட்டத்தில் வென்றவர் மேட்டுநில நாடான எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. உயரமான நாட்டில் பிறந்து, வளர்ந்து, ஓடிப் பழகியவர்களின் உடல் குறைந்த அழுத்தத்துக்கு இசைந்திருந்தது.

சமவெளியிலிருந்து உதகைக்குப் போகும் நமக்கு அந்த இசைவு ஓரிரு நாளில் வந்துவிடாது. முதல் சில மணி நேரத்தில் மூச்சு சற்று ஆழமாகவும் வேகமாகவும் நடக்கத் தொடங்கும்; இதயத் துடிப்பும் கொஞ்சம் கூடும். சிவப்பணுக்கள் பெருகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். சும்மா இருக்கும்போதோ மெதுவாக நடக்கும்போதோ குறை ஏதும் தெரியாது. ஏனெனில் உதகையின் உயரத்தில் ஹீமோகுளோபின் ஏற்கும் ஆக்சிஜன் சில விழுக்காடுதான் குறைகிறது. முழு வேகத்தில் முயலும்போதுதான் வித்தியாசம் தெரியும். நம்முடைய உச்சத் திறன் அங்கே ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு குறைந்துவிடுகிறது.

பின்தங்குபவர் சோம்பேறியா?

இங்கே ஹீமோகுளோபின் பற்றி ஒரு முக்கியமான செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 13 கிராம் ஹீமோகுளோபின் உள்ள மாணவியின் இரத்தம் 17 மில்லிலிட்டருக்குமேல் ஆக்சிஜனைச் சுமக்கும். இரத்தசோகையால் 9 கிராம் மட்டுமே உள்ள மாணவியின் இரத்தம் சுமப்பது 12 மில்லிலிட்டர்தான். சரக்கு ஏற்றும் லாரிகளில் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை என்பது போன்றது இது. சமவெளியில் வகுப்புக்கும் வீட்டுக்கும் நடக்கையில் இந்தக் குறை வெளியே தெரியாமல் இருக்கலாம். ஏற்றமும் குறைந்த அழுத்தமும் சேரும்போது அது தெரிந்துவிடுகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அப்படியானால் உங்கள் சுற்றுலாக் கூட்டத்திலும் சிலருக்கு இருக்கக்கூடும். மேட்டில் கடைசியாக வரும் தோழியைப் பார்த்து ‘இவளுக்கு எப்போதும் இப்படித்தான்’ என்று சிரிப்பதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள். அவள் செய்யும் வேலை உங்களுடையதைவிடக் குறைவல்ல. அதைக் குறைந்த ஆக்சிஜனில் செய்கிறாள். சிறு ஏற்றத்திலும் அளவுக்கு மீறி மூச்சு வாங்குகிறவர்கள் ஊர் திரும்பியதும் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இரத்தசோகை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த உலர்காற்று மூச்சு முட்டலைத் தூண்டக்கூடும். அவர்கள் தம் மருந்தைப் பெட்டியில் வைத்துவிடாமல் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். இதயக் கோளாறோ அரிவாள் அணு இரத்தசோகையோ உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இறங்குவது இலவசமா?

இனி இரண்டாவது கணக்குக்கு வருவோம். இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை. மிதமான இறக்கத்தில் உடல் செலவிடும் ஆற்றல் சமதள நடையைவிடவும் குறைவு. அதனால்தான் நாம் ஏமாந்து, கீழ்நோக்கித் துள்ளிக் குதித்து ஓடுகிறோம்.

ஏறும்போது சேர்த்துவைத்த 49,000 ஜூல் நிலை ஆற்றல் இறங்கும்போது எங்கே போகிறது? அது முழுவதும் இயக்க ஆற்றலாக மாறினால் நாம் உருண்டு விழ வேண்டியதுதான். விழாமல் இறங்குகிறோம் என்றால் ஏதோ ஒன்று தடை போடுகிறது. மலை இரயிலில் அது தடைக்கட்டை. ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கும் அந்த இரயில், இறங்குவதற்கும் மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு நிதானமாகவே வருகிறது. நம் உடலில் தடைக்கட்டையாக வேலை செய்வது தொடையின் முன்பக்கத் தசை.

ஒரு கிலோமீட்டர் இறங்க 2000 அடி எடுத்துவைக்கிறோம் என்று கொண்டால், ஒவ்வோர் அடியிலும் உடல் 5 சென்டிமீட்டர் தாழ்கிறது. அதாவது ஒவ்வோர் அடிக்கும் சுமார் 24.5 ஜூல். இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு கிலோகிராம் படிக்கல்லின் ஆற்றல் அது. அதைத் தொடைத்தசை 2000 முறை வாங்கிக்கொள்கிறது.

கிணற்றிலிருந்து நீர் நிறைந்த வாளியை இழுக்கும்போது கயிறு நம் பக்கம் வருகிறது. அதே வாளியை மெதுவாக உள்ளே இறக்கும்போதும் கயிற்றை இறுகப் பிடித்துத்தான் இருக்கிறோம், ஆனால் கயிறு கையைவிட்டு நழுவிப் போகிறது, உள்ளங்கை காந்துகிறது. தசையிலும் இப்படித்தான். ஏறும்போது தசை சுருங்கியபடி இழுக்கிறது. இறங்கும்போது இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. இப்படி நீளும்போது குறைந்த எண்ணிக்கையிலான தசை இழைகளே சுமையைத் தாங்குகின்றன. ஒவ்வோர் இழையின்மீதும் விசை மிகுதி. பழக்கமில்லாத தசையாக இருந்தால் அதன் நுண்ணிய கட்டமைப்பில் சிறு சிறு சேதங்கள் ஏற்படுகின்றன. அவற்றை உடல் சீர்செய்யும்போது வலி தோன்றுகிறது. அது மறுநாள் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்துக்குள் மறைந்துவிடும்.

இந்த வலிக்குத் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலமே காரணம் என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. அது தவறு. கடும் உழைப்பில் உண்டாகும் லாக்டேட், உழைப்பு முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அது பொறுப்பாக முடியாது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ஒருமுறை இந்த வலியைப் பெற்றுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பைப் பெரிய வலியில்லாமல் தாங்கிக்கொள்கிறது. எனவே சிறிய அளவில் முன்கூட்டியே பழக்கிவிட்டால் மலையின் இரண்டாவது கணக்கு பெருமளவு தள்ளுபடியாகிவிடும்.

வெப்பமும் வெயிலும்

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். மேட்டுப்பாளையத்தில் 35 பாகை என்றால் உதகையில் 22, 23 பாகைதான். குளிர்கிறதே என்று கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்குவது வழக்கம். நூறு மீட்டர் ஏறுவதற்குள் தசைகள் வெளியிடும் வெப்பம் சுமார் 1,47,000 ஜூல். அதை வியர்வை மட்டுமே வெளியேற்றுவதானால் ஏறக்குறைய 60 மில்லிலிட்டர் ஆவியாக வேண்டும். மேலே போய் நின்றதும் குளிர்காற்று அந்த ஈரச் சட்டையின்மீது வீசி நடுங்கவைக்கும். ஆகவே ஏறத் தொடங்கும் முன் கம்பளியைக் கழற்றிவிட்டு, மேலே போய் நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் அதிகம் தெரியாது. மூச்சிலும் நீர் இழக்கிறோம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் பருகுங்கள்.

வெயில் சுடவில்லையே என்றும் ஏமாந்துவிடக் கூடாது. ஒவ்வோர் 1000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர்கள் சுமார் 10 விழுக்காடு கூடுகின்றன. தலைக்குத் தொப்பி தேவை.

என்ன செய்யலாம்?

புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் பள்ளி மாடிப்படிகளில் பழகத் தொடங்குங்கள். மூன்றாம் மாடி தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் இருக்கும். முதல் நாள் மூன்று முறை ஏறி, நிதானமாக இறங்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிது சிறிதாகக் கூட்டிப் பத்து முறைக்குக் கொண்டுவாருங்கள். அது 100 மீட்டர் மலை! இறங்குவதுதான் இங்கே முக்கியமான பயிற்சி.

உதகை சேர்ந்த முதல் நாள் ஏரிக்கரைப் பக்கம் நடந்தால் போதும். அன்று ஓட்டப்பந்தயம் வேண்டாம். இரண்டாம் நாள் தாவரவியல் பூங்காவின் மேல்தளங்கள் வரை ஏறலாம். மூன்றாம் நாள் இன்னும் உயரமான சரிவுகளுக்குச் செல்லலாம். ஏற்றத்தில் சிறு அடியாக, ஒரே சீராக வையுங்கள். இறக்கத்தில் முழங்காலைச் சற்று மடக்கி, சிறு அடியாக வாருங்கள், ஓடாதீர்கள். சாலையில் எதிரே வரும் வண்டி தெரியும் பக்கமாகச் செல்லுங்கள். காட்டெருதுகள் நடமாடும் மாவட்டம் அது. விடியலிலும் அந்தியிலும் தனியே போக வேண்டாம். லேசான தலைவலி வந்தால் ஓய்வும் நீரும் போதும். ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு முட்டினால் உடனே ஆசிரியரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

1. மேட்டுப்பாளையத்தில் ஒரு பலூனை அரை அளவு ஊதி, இறுகக் கட்டி, நூலால் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 50 சென்டிமீட்டர் இருந்தால், உதகையில் அது ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் ஆகியிருக்கும். அழுத்தம் குறைந்ததை நீங்களே அளந்துவிட்டீர்கள். பலூனை அங்கே எறிந்துவிடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

2. கோணமானியின் மையத்தில் நூல் கட்டி, நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். கோணமானியின் நேர்விளிம்பைச் சாலைச் சரிவுக்கு இணையாகப் பிடித்தால், 90 பாகைக் கோட்டிலிருந்து நூல் விலகும் அளவே சரிவின் கோணம். மலை இரயிலின் 12-க்கு 1 சரிவு 5 பாகைக்கும் சற்றுக் குறைவு. நீங்கள் ஏறும் தெரு அதைவிடச் செங்குத்தா?

3. ஒரே வேகத்தில் சமதளத்தில் ஐந்து நிமிடம், ஏற்றத்தில் ஐந்து நிமிடம், இறக்கத்தில் ஐந்து நிமிடம் நடந்து, ஒவ்வொன்றின் முடிவிலும் நாடித்துடிப்பை எண்ணுங்கள். நடுவே நன்றாக ஓய்வெடுங்கள். இறக்கத்தின் எண் சமதளத்தைவிடக் குறைகிறதா? இரண்டு நாள் கழித்துத் தொடை என்ன சொல்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துவையுங்கள்.

இந்த மூன்றாவது சோதனையை நண்பர்கள் சேர்ந்து செய்தால் ஒருவர் எண்ணுக்கும் மற்றொருவர் எண்ணுக்கும் எவ்வளவு வேறுபாடு என்பது தெரியும். கூட்டமாக நடக்கும்போது வேகத்தை முன்னால் போகிறவர் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு அந்தத் தாளே சான்று. கடைசியாக வருபவர் பேசிக்கொண்டே நடக்க எந்த வேகம் ஏற்றதோ, அதுவே கூட்டத்தின் வேகமாக இருக்கட்டும். முன்னே போய்விட்டவர்கள் அடுத்த வளைவில் நின்று காத்திருங்கள். அவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடாமல், அவருக்கும் மூச்சு வாங்கிக்கொள்ள இரண்டு நிமிடம் கொடுங்கள்.